பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு: ஒரு நூலகப் பட்டியலை எண் எண்ணாக மாற்றிய பதிவு

மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரைப் பக்கத்திலுள்ள ஒரு சனசமூக நிலைய நூலகத்தின் நூற்பட்டியலும் அங்கத்தவர் இடாப்பும் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, எக்செல் கோப்புகளாகச் சேர்ந்து கிடந்தன. பாமினி நிறுவப்பட்ட கணினியில் அவை குறையின்றித் தெரிந்தன. கைத்தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தன. எந்தக் கணினியிலும் அவற்றுக்குள் தமிழில் தேட முடியவில்லை. அவற்றை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் பொது நியமமான யுனிகோட்டுக்கு மாற்றித் தருமாறு நிலையத்தினர் கேட்டுக்கொண்டபோது, இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் துண்டு துண்டாக ஒட்டி எடுப்பதை விடுத்து, எழுத்துகளின் எண்களை நேரடியாகக் கையாளும் ஒரு சிறு செய்நிரலைப் பைதன் என்ற கணினி மொழியில் எழுதினேன். இதே வகைக் கோப்புகள் நமது பகுதியில் கோயில் பரிபாலன சபைகளிலும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் இன்னும் நிறையக் கிடப்பதால், வேலை எங்கே இலகுவாகப் போனது, எங்கே இறுகியது என்பதைச் சற்று விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

பாமினிக் கோப்பு ஒன்றில் தமிழ் என்று எதுவும் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோப்பில் கிடப்பவை எண்கள். அந்த எண்ணுக்குத் திரையில் எந்த வடிவத்தை வரைவது என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. 1963ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பட்ட அஸ்கி நியமம் 0 முதல் 127 வரையான எண்களை ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் குறியீடுகளுக்கும் பகிர்ந்தளித்தது. அதில் ஆங்கிலப் பேரெழுத்து ஏ 65, சிற்றெழுத்து ஏ 97, பூச்சியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்கள் 48 முதல் 57 வரை. பாமினி அதே எண்களை வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் மாற்றிவிட்டது. ஆங்கிலச் சிற்றெழுத்து ஜேயின் இடத்தில் த, கேயின் இடத்தில் ம, பியின் இடத்தில் இகரக் குறி, ஓவின் இடத்தில் ழ, அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல் பாமினிக் கோப்பில் இப்படிக் கிடக்கிறது:

106 107 112 111 59

யுனிகோட்டில் அதே சொல்:

2980 2990 3007 2996 3021

யுனிகோட் அட்டவணைகள் பதினறும எண்களில் அச்சிடப்படுவது வழக்கம். நான் முழு வேலையையும் தசம எண்களிலேயே செய்தேன். காரணம், நூலகத்தில் என்னுடன் அமர்ந்து சரிபார்த்தவர்களுக்கு அது வசதி. தசமத்தில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி 2944 முதல் 3071 வரை. அகரம் 2949, ககரம் 2965. பைதனில் எழுத்தை எண்ணாக்க ‘ஓஆர்டி’ என்ற சார்பும், எண்ணை எழுத்தாக்க ‘சிஎச்ஆர்’ என்ற சார்பும் உள்ளன. செய்நிரல் எழுதாதவர்கள் எக்செலிலோ லிப்ரே ஆபிஸ் கல்க்கிலோ ‘யுனிகோட்’, ‘யுனிசார்’ என்னும் சார்புகளைக் கொண்டு இதையே செய்யலாம்; ஆனால் ‘யுனிகோட்’ சார்பு ஒரு கலத்தின் முதல் எழுத்துக்கு மட்டுமே எண் தரும் என்பதால், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒன்றுக்கொன்று நேரான அட்டவணையைத் தயாரித்தேன். உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் பெரும்பாலும் சிக்கலின்றி அமைந்தன. உகரமேறிய எழுத்துகள் பாமினியில் தனித்தனி எண் பெற்றவை. ஆங்கிலப் பேரெழுத்து ஜீயின் எண்ணான 71, பு என்பதைக் குறிக்கிறது. யுனிகோட்டில் அது பகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். இதனால் ‘மட்டக்களப்பு’ பாமினியில் 11 எண்களாகவும் யுனிகோட்டில் 12 எண்களாகவும் வருகிறது. கண்ணுக்கு எழுத்து எட்டு. நூ, தூ போன்ற சில நெடில்களைப் பாமினி வேறு விதமாகக் கையாள்கிறது. நு என்பதற்குரிய 69ஐ இட்டு, அதன் பின்னால் 125ஐ, அதாவது மூடும் நெளிவு அடைப்பை, இட்டால் நூ ஆகிவிடும். கூ, ரூ போன்றவற்றுக்கோ தனி எண்கள் உண்டு. ‘ரூபா’ என்பதன் முதல் எண் 38. ஆங்கில எழுத்துருவில் அது ‘அன்ட்’ குறியாகத் தெரியும். நூலின் விலையை எழுதிய நிரல் முழுவதும் அந்தக் குறியில் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

அடுத்தது வரிசை. தட்டச்சுப் பொறியைப் போலவே பாமினியும் இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எண்களை அடுக்குகிறது. யுனிகோட் ஒலிக்கும் வரிசையில் அடுக்குகிறது. ‘அம்பாறை’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

109 107 59 103 104 105 119
2949 2990 3021 2986 3006 2993 3016

பாமினியில் 105 ஆகிய ஐகாரக் குறி முன்னே வந்து, 119 ஆகிய றகரம் பின்னே வருகிறது. யுனிகோட்டில் 2993 ஆகிய றகரம் முன்னே, 3016 ஆகிய ஐகாரக் குறி பின்னே. ஒற்றைக்கொம்பு 110, இரட்டைக்கொம்பு 78, ஐகாரக் குறி 105 ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் அடுத்த மெய்யைக் கடந்து சென்று குறியை வைக்க வேண்டும். கொம்புக்குப் பிறகு வந்த மெய்யை அடுத்து 104 என்ற கால் இருந்தால், கொம்பையும் காலையும் இரண்டு எண்களாக விடாமல், ஒகரத்துக்கு 3018 அல்லது ஓகாரத்துக்கு 3019 என ஒற்றை எண்ணாக்கினேன். இரண்டாக விட்டாலும் திரையில் அச்சொட்டாக ஒன்றுபோலவே தெரியும். யுனிகோட் நியமமும் இரண்டையும் சமமாகவே கொள்கிறது. ஆயினும் எண்ணுக்கு எண் ஒப்பிடும் சாதாரணத் தேடல் அவற்றை இருவேறு சொற்களாகவே எடுத்துக்கொள்ளும்.

104 என்ற அந்த எண் இன்னொரு வேலையும் செய்கிறது. பாமினியில் ரி, ரீ, ர் ஆகியவற்றை எழுதும்போது கீழ்வாலில்லாத ரகரம் அழகாக இருக்கும் என்பதால், தட்டச்சாளர்கள் ரகரத்துக்குரிய 117க்குப் பதில் காலுக்குரிய 104ஐயே அடித்துவிடுவார்கள். ‘ஆசிரியர்’ என்ற சொல் நூற்பட்டியலின் தலைப்பிலேயே இருந்தது:

77 114 112 104 112 97 104 59

இதில் இரண்டு இடங்களில் 104 வருகிறது; இரண்டும் ரகரம். எண்ணுக்கு எண் மாற்றினால் ஆகார நெடிலின் காலுக்குப் பின் இகரக் குறியும் புள்ளியும் தொங்கும் பிறவிகள் உருவாகும். விதி எளிதானது: 104ஐ அடுத்து இகரக் குறி 112, ஈகாரக் குறி 80, புள்ளி 59 ஆகியவற்றில் ஒன்று வந்தால் அது ர, வேறெது வந்தாலும் கால். போதாக்குறைக்கு, ர் என்பதற்கு ஆங்கிலப் பேரெழுத்து எச்சின் எண்ணான 72ம் தனியே உண்டு. ஒரே பட்டியலில் ஒரே சொல் மூன்று விதமாகத் தட்டச்சாகியிருப்பதைக் கண்டால், எத்தனை கைகள் அந்தக் கோப்பில் வேலை செய்திருக்கின்றன என்பதைக்கூட ஓரளவு ஊகிக்கலாம்.

இந்த அளவில் பட்டியல் திரையில் மிகச் சுத்தமாகத் தெரிந்தது. அதை நூலகப் பொறுப்பாளரான அக்காவிடம் கொடுத்தேன். அவர் சிறிது நேரம் தேடிப் பார்த்துவிட்டு, “தம்பி, புத்தகம் இஞ்ச கண்ணுக்கு முன்னால கிடக்கு, தேடினா இல்லெண்டு சொல்லுது” என்றார். அவர் தேடிய சொல் ‘வெளியீடு’. பட்டியலின் ஒவ்வொரு நிரையிலும் அந்தச் சொல் இருந்தது. திரையில் நான் பார்த்தபோதும் அது ‘வெளியீடு’ என்றே தெரிந்தது. எண்களாக்கிப் பார்த்தேன்:

2997 3020 3007 2991 3008 2975 3009

இருக்க வேண்டியது இது:

2997 3014 2995 3007 2991 3008 2975 3009

ஔகாரக் குறியின் வலப்பக்க வடிவமும் ளகரமும் பாமினியில் ஒரே எண், 115. ‘கொம்பு, மெய், 115’ என்ற தொடரைக் கண்டவுடன் அதை ஔகாரமாக்கு என்பது, பல மாற்றிகளில் இருப்பதும் நானும் அட்டவணையில் முதலில் எடுத்துக்கொண்டதுமான விதி. அந்த விதி ‘மௌலவி’, ‘சௌந்தரம்’, ‘கௌரவம்’ ஆகியவற்றைச் சரியாக மாற்றுகிறது. ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘கெளிறு’ ஆகியவற்றின் ளகரத்தை விழுங்கி, முன்னுள்ள மெய்யுடன் ஔகாரத்தையும் அதன் மேல் ஓர் இகரக் குறியையோ புள்ளியையோ அடுக்கிவிடுகிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் அந்த இரண்டு வடிவங்களுக்கும் கண்ணுக்கு வேறுபாடு இல்லை. இலங்கைச் செய்தித் தளங்களின் பழைய பக்கங்களில் ‘வெளிநாடு’ என்ற சொல்லை நகலெடுத்து எண்களாக்கிப் பார்த்தால், இதே 2997, 3020, 3007 என்ற வரிசை அடிக்கடி அகப்படும். அந்தப் பக்கங்களைத் தேடுபொறியில் ‘வெளிநாடு’ என்று சரியாக எழுதித் தேடுபவருக்கு அந்தச் சொல் அங்கே இல்லாததற்குச் சமம்.

திருத்திய விதி இதுதான்: 115க்கு அடுத்து இகரக் குறியோ ஈகாரக் குறியோ புள்ளியோ ஆகாரக் காலோ வந்தால் 115 ளகரம், இல்லையேல் ஔகாரம். இதில் ஒரு கண்ணி உண்டு. ‘கௌரி’ என்பதில் 115க்குப் பின்னால் 104 வருகிறது. அது கால் என்று எடுத்துக்கொண்டால் கௌரி பிழைபடும். எனவே 104 ரகரமா காலா என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டு, அதன் பிறகே 115ஐத் தொட வேண்டும். ‘ஔவையார்’ என்ற பெயரில் 115க்குப் பின்னால் ஐகாரக் குறி 105 வருகிறது. ஆனால் அது பின்னால் வரும் வகரத்துக்கு உரியது என்பதால் ளகரத்தின் கணக்கில் சேராது. ‘ஒளி’யில் ளகரம், ‘ஔவை’யில் ஔகாரம் என்று அதே விதி இரண்டையும் பிரித்துவிட்டது. எகரத்தை அடுத்து ளகரம் வேறெந்தக் குறியுமின்றி அகரமேறி நிற்கும் சொல் இந்தக் கோப்புகளில் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் விதியால் பிரிக்க முடியாது. சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும்.

சரிபார்ப்பதற்கு எல்லோரும் முதலில் நினைப்பது, மாற்றியதைத் திரும்பவும் பாமினியாக்கி மூலத்துடன் ஒப்பிடுவது. அந்த வழி இங்கே இரண்டு பக்கத்திலும் ஏமாற்றுகிறது. பிழையாக மாறிய ‘வெளியீடு’, ஔகாரத்தைப் பிரித்து மீண்டும் பாமினியாக்கும்போது 110, 116, 115, 112 என்று மூலத்தின் எண்களையே அச்சொட்டாகத் தருகிறது. ஆகவே பிழை பிடிபடாது. மறுபக்கம், சரியாக மாறிய ‘ஆசிரியர்’, ரகரத்துக்கு 117ஐத் தந்து மூலத்திலிருந்து வேறுபடுவதால், இல்லாத பிழையைக் காட்டுகிறது. நான் வைத்துக்கொண்ட சோதனை வேறு. தமிழில் வரக்கூடாத எண் தொடர்களை மட்டும் தேடுவது அது. ஓர் உயிர்மெய்க் குறியை அடுத்து இன்னொரு குறி, குறியை அடுத்துப் புள்ளி, சொல்லின் தொடக்கத்திலேயே குறி, உயிரெழுத்தை அடுத்துக் குறி என்பவற்றில் எது கிடைத்தாலும் அந்தக் கலத்துக்குச் சிவப்பு நிறம் பூசப்படும். குறிகள் எல்லாம் 3006க்கும் 3021க்கும் இடையில் அடங்கிவிடுவதால், இதற்கு எண்களை ஒப்பிடும் ஒரு சிறு நிபந்தனையே போதும். ‘வெளியீடு’ அனைத்தும் இதில் உடனடியாக அகப்பட்டன. கூடவே மூலத்தில் புள்ளியை இருமுறை அடித்திருந்த இடங்களும் வெளிவந்தன. பாமினியில் ஒரு புள்ளியின் மேல் மற்றொரு புள்ளி விழுந்து ஒன்றாகவே தெரிவதால், அத்தனை காலமும் அவற்றை எவரும் கவனித்திருக்க வழியில்லை.

அங்கத்தவர் இடாப்பில் தலைவலி வேறு திசையிலிருந்து வந்தது. 2016இல் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை வருவதற்கு முன்பிருந்த இலக்கம், ஒன்பது எண்களையும் இறுதியில் ஆங்கில வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தையும் கொண்டது. வியின் எண் 86. பாமினியில் 86 என்றால் ஏ. எக்ஸின் எண் 88. பாமினியில் 88 என்றால் ஓ. எழுத்துரு எது என்று பாராமல் முழுக் கோப்பையும் மாற்றினால், அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாம் ஏகாரத்திலும் ஓகாரத்திலும் முடியும். மின்னஞ்சல் முகவரிகளுக்கும் ஆங்கில நூற்பெயர்களுக்கும் அதே கதிதான். எண்ணைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. ஏனெனில் எண் ஒன்றே. எந்த எண் எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்ற தகவல் கலத்தின் அமைப்பில் மட்டுமே இருக்கிறது. கோப்பை வெறும் உரையாகவோ காற்புள்ளி பிரித்த கோப்பாகவோ சேமித்த கணத்தில் அது அழிந்துபோகும். எனவே பழைய எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபிஸில் திறந்து புதிய எக்செல் வடிவத்தில் சேமித்து, ‘ஓபன்பைஎக்செல்’ என்ற பைதன் தொகுதியின் உதவியால் ஒவ்வொரு கலத்தின் எழுத்துருப் பெயரையும் படித்து, பாமினி என்று இருந்தவற்றை மட்டுமே மாற்றினேன். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஒரே கலத்துக்குள் இரு எழுத்துருக்களில் எழுதப்பட்டிருந்த இடங்களில், கலத்துக்குள்ளே துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது.

காற்புள்ளி பிரித்த கோப்பைத் தவிர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாமினியில் 44 ஆகிய காற்புள்ளியின் இடத்தில் இருப்பது இகரம். ‘இலங்கை’, ‘இந்து’, ‘இராமநாதன்’ எல்லாம் காற்புள்ளியில்தான் தொடங்குகின்றன. மெய்யான காற்புள்ளி வேண்டுமானால் பாமினியில் 62ஐ, அதாவது ஆங்கில எழுத்துருவில் ‘பெரியது’ என்ற கணிதக் குறியாகத் தெரிவதை, அடிக்க வேண்டும். காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டும் ஓர் அவசர உத்தியைக் கையாண்டால், இகரத்தில் தொடங்கும் பெயர்கள் அனைத்தும் அடுத்த நிரலுக்குத் தள்ளப்பட்டுவிடும்.

ஸ்ரீ என்ற எழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாமினியில் அதற்கு ஒரே ஓர் எண். யுனிகோட்டிலோ 3000 ஆகிய ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் சேர்க்கப்பட்ட 2998 ஆகிய ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். வடிவம் ஒன்றாகவே தெரியும், எண்கள் வேறு, யுனிகோட் நியமமும் அவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. பட்டியல் முழுவதும் ஸகரத்தையே பயன்படுத்தி, தேடும் பெட்டியில் ஶகரம் வந்தால் ஸகரமாக்கிக்கொள்ளுமாறு அமைத்தேன்.

அகரவரிசையில் அடுக்கும்போது மீண்டும் எண்கள் குறுக்கே வந்தன. யுனிகோட்டில் ன என்பது 2985; நகரத்துக்கு அடுத்ததாகவும் பகரத்துக்கு முன்னதாகவும் அமர்ந்திருக்கிறது. ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பொதுவான ஒரு சட்டத்தில் தமிழைப் பொருத்தியதால் வந்த ஒழுங்கு இது. நாம் பள்ளியில் படித்த ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற வரிசையோடு இது ஒத்துவராது. பைதனில் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கியபோது, ஊர்ப்பெயர் நிரலில் பட்டிருப்பு, பனங்காடு, பழுகாமம் என்று வந்தது. பழுகாமம் முன்னே வந்து பனங்காடு கடைசியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் நமது வரிசைப்படி ஒரு புதிய இலக்கத்தைக் கொடுத்து, அந்த இலக்கத்தைக் கொண்டு அடுக்குமாறு செய்தேன். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை னகரத்துக்குப் பின்னால் வைத்தேன். எண்ணின்படி ஜகரம் 2972 ஆக, சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் புகுந்துவிடுகிறது.

முடிந்த பட்டியலை வெளியே கொடுக்கும்போது, யுனிகோட் எண்களைப் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையான எண்களாக, எழுதிவைக்கும் யுடிஎஃப் எட்டு முறையில் சேமித்தேன். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டெண்ணும் மூன்று பைட்டுகளாகிறது. கணக்கு எளிது. ககரத்தின் 2965ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 21. முதல் பைட் 224. இரண்டாவது 128உடன் 46ஐக் கூட்ட வரும் 174. மூன்றாவது 128உடன் 21ஐக் கூட்ட வரும் 149. தமிழ்ப் பகுதியில் 3007 வரையுள்ளவற்றின் இரண்டாம் பைட் 174, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 175. முதல் பைட் எப்போதும் 224தான். இந்தக் கணக்கு தெரிந்திருந்தது ஒரு நாள் கைகொடுத்தது. பட்டியலை எக்செலில் நேரடியாகத் திறந்த ஒருவர், ஒவ்வொரு எழுத்தும் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயாகவும் வட்டத்துக்குள் ஆராகவும் தெரிகிறது, கோப்பு பழுதாகிவிட்டது என்று படம் எடுத்து அனுப்பினார். மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியில் 224 என்பது அந்த ஏ, 174 என்பது அந்த வட்டத்து ஆர். எண்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. எக்செல் அவற்றை மூன்று மூன்றாகச் சேர்க்காமல் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டிருந்தது. கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை முன்னொட்டாக இட்டுச் சேமித்ததும், எக்செல் அதை யுடிஎஃப் எட்டு என்று இனங்கண்டு தமிழைக் காட்டியது.

சிவப்புப் பூசப்பட்ட கலங்களில் விதிகளால் தீராதவை ஒரு சிறு தொகை எஞ்சின. தட்டச்சாளர் எதை அடிக்க நினைத்தார் என்பதை எண்களிலிருந்து அறிய முடியாத இடங்கள் அவை. அந்த நிரைகளைத் தனித் தாளில் அச்சிட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அலுமாரியிலுள்ள நூலின் அட்டையைப் பார்த்து அவர் திருத்தி வருகிறார். புதிய பட்டியலில் மூலப் பாமினி உரையையும் ஒரு நிரலாக அப்படியே வைத்து மறைத்திருக்கிறேன். அந்தத் திருத்தங்கள் முடியும் வரை அதை அழிக்க வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறேன்.